பின் சீட்டுக்கு அடியில்

9 ஜனவரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். தோள்வலி தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ 'ம், ம்' என்று கேட்டுவிட்டு மறுநாள் மறந்துவிடுவாய். காகிதத்தில் எழுதினால் மாட்டிக்கொள்வாய். அதனால் நீயும் எழுதித்தான் பதில் போட வேண்டும்.

நான் கார் வாங்கப் போகிறேன். ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவர் வீட்டு கேட்டில் 'விற்பனைக்கு' என்று அட்டை தொங்குகிறது. பிரெஞ்சுக்காரன் செய்த பழைய வண்டி. அடர் நீலம், நீண்ட மூக்கு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை, இரண்டே கதவு. 'கூப்பே' என்று சொல்ல வேண்டுமாம், டாக்டர் திருத்தினார். பத்தொன்பது வருஷமாக அவரிடம் இருக்கிறது. ரயில் பாலத்துக்குக் கீழே அப்போது நீ வேலை பார்த்தாயே, அந்த ஷெட்டில்தான் வாங்கினாராம். உன் கை பட்ட வண்டியாகக்கூட இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

என் மகனுக்குத்தான் சந்தோஷம் இல்லை. "இந்த வயசுல எதுக்கும்மா ரெண்டு கதவு வண்டி? பின்னாடி யார் உட்காருவா?" என்றான். "யாரும் உட்காரக் கூடாதுன்னுதான்டா வாங்கறேன்" என்றேன். நாலு நாளாகப் பேச்சில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் அந்த ஏழு சீட் வேனை ஓட்டினேன். மாமியார், பிள்ளைகள், பிள்ளைகளின் சிநேகிதர்கள், உன் அத்தானின் ஆபீஸ் நாற்காலிகள் எல்லாம் ஏறின. எங்கே போக வேண்டும் என்று ஒரு நாள்கூட நான் முடிவு செய்ததில்லை. அத்தான் போய் மூன்று வருஷம் ஆகிறது. வேனை மகன் எடுத்துக்கொண்டான், எடுத்துக்கொள்ளட்டும். ஜூன் முப்பது எனக்கு ஓய்வு நாள். முப்பத்தொரு வருஷம் மாட்டின ஈயக் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, எக்ஸ்ரே அறையிலிருந்து நேராக என் வண்டியில் ஏறுவேன்.

உங்கள் ஊரில் ஒரு ஓட்டை வண்டியும் உன் சோதனையில் தப்பாது என்கிறார்கள். வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுது. ஏமாந்தால் மகன் சிரிப்பான். அதை என்னால் தாங்க முடியாது.

அன்புடன்,
அக்கா


24 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் சுகம். முழங்கால் படியில் மட்டும் கத்துகிறது, சமதளத்தில் வாயைத் திறப்பதில்லை. உன் தோளுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடு.

எங்கள் வண்டிச் சோதனை நிலையத்துப் படிவத்தில் பன்னிரண்டு கட்டம் உண்டு. அதை அப்படியே உனக்கு எழுதுகிறேன். இங்கே எனக்கு 'கறார்' என்று பெயர் வைத்திருப்பது உனக்குத் தெரியுமே.

முதலில், பகலில் போ, மழை பெய்து முடிந்த நேரத்தில் போகாதே. ஈரத்தில் எல்லா வண்டியும் புதுமாப்பிள்ளை. இரண்டு, போனதும் பானெட்டின் மேல் கை வை. சூடாக இருந்தால் உனக்காக முன்பே ஸ்டார்ட் செய்து பழக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்று, ஒரு காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, சக்கரத்து வளைவிலும் கதவின் அடியிலும் ஓட்டிப் பார். பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மூடப் பூசிய பட்டிதான் இருக்கிறது. நான்காவது கதவு. இரண்டு கதவு வண்டிக்குக் கதவு நீளம், கனம். பாதி திறந்து மேலே தூக்கு. ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது.

ஐந்து, கதவுக்குக் கீழே ஓடும் படிச்சட்டத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டு. 'டங்' என்றால் நல்லது, 'டொக்' என்றால் உள்ளே துரு. ஆறு, பானெட்டைத் திறந்தால் முன்சக்கரத்து ஸ்பிரிங் வந்து முட்டும் இடம் இரண்டு பக்கமும் தெரியும், அங்கே புதுப் பெயின்ட் இருந்தால் சந்தேகப்படு. ஏழு, எஞ்சின் எண்ணெய் மூடியைத் திருப்பிப் பார். அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது. எட்டு, புகை. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, விடாத வெள்ளை என்றால் தண்ணீர், கறுப்பு என்றால் பெட்ரோல் வீண். ஒன்பது, இரண்டாம் கியரில் போகும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் திடீரென்று எடு. கியர் தானாக வெளியே குதிக்கக் கூடாது. பத்து, டிக்கியில் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி கிடக்கும் குழியில் தண்ணீர் நிற்கிறதா பார். அப்புறம் எஞ்சினில் அடித்த எண்ணும் வண்டிப் பதிவுத் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிடு.

இவ்வளவுதான். அவசரப்படாதே. பழைய பிரெஞ்சு வண்டி பார்க்க அழகு, வைத்துக்கொள்வது பாடு.

உன்னிடம் எப்போதும் அன்புள்ள,
தம்பி


8 பிப்ரவரி

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். ஒத்தடத்துக்குத் தோள் கொஞ்சம் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். நல்ல வெயில். கையில் காந்தம், கைக்குட்டை, ஸ்க்ரூடிரைவர். கேட்டைத் திறந்ததும் டாக்டரிடம் வணக்கம்கூடச் சொல்லாமல் பானெட்டில் கை வைத்தேன். "காய்ச்சல் இல்லைங்க" என்றார். நல்ல மனிதர். பின்னாலேயே வந்து நான் தட்டுகிற இடமெல்லாம் அவரும் தட்டிப் பார்த்தார்.

கதவு ஆடவில்லை. ஸ்பிரிங் முட்டும் இடம் பழைய பெயின்ட், சுத்தம். வெண்ணெய் இல்லை. புகை முதல் நிமிஷம் வெள்ளை, பிறகு ஒன்றுமில்லை. டிக்கிக் குழி காய்ந்து கிடக்கிறது, அதில் டாக்டர் மகளின் பழைய செருப்பு ஒன்று. எண்கள் சரி. படிச்சட்டம் முன்னாலிருந்து 'டங் டங்' என்று வந்தது. பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் மட்டும் 'டொக்'. இரண்டு பக்கமும் அதே இடத்தில். அது என்ன என்று எழுது.

ஓட்டியும் பார்த்தேன். புறவழிச் சாலையில் தொண்ணூறைத் தொட்டேன். டாக்டர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, தம்பி. காருக்குள் நான் சிரித்த சத்தத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். ஹாரன் மட்டும் வேலை செய்யவில்லை.

ஒரு விஷயம். பன்னிரண்டு கட்டம் என்று எழுதினாய், எண்ணினால் பதினொன்றுதான் வருகிறது. எங்கள் அறையில் பன்னிரண்டு படம் என்று சீட்டில் எழுதிப் பதினொன்று வந்தால், கட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன். விட்டுப்போனதை எழுது. அது வந்ததும் முன்பணம் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
அக்கா


1 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உன் கடிதம் வந்து நாளாயிற்று, வேலை அதிகம்.

பன்னிரண்டாவது ஹாரன். அதைத்தான் நீயே பார்த்துவிட்டாயே.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த வண்டி உனக்கு வேண்டாம். கண்ணாடி ரப்பர் கிடைக்காது. விளக்கு உடைந்தால் கடல் தாண்டி வர வேண்டும். அந்தக் கதவின் கனத்துக்கு உன் தோள் என்ன ஆகும்? நாலு கதவில் சின்னதாக, புதிதாக ஒன்று வாங்கு. நானே வந்து பார்த்து வாங்கித் தருகிறேன். மருமகன் சொன்னதில் தப்பில்லை. வயதான காலத்தில் எதற்கு வம்பு?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


5 மார்ச்

தம்பிக்கு,

நலம்.

ஹாரனாம். உங்கள் படிவத்தில் ஹாரனுக்கு ஒரு கட்டம் இருக்கலாம். ஆனால் ஹாரன் வேலை செய்யவில்லை என்று நான் எழுதிய பிறகுதான் அது உனக்கு ஞாபகம் வந்தது. 'டொக்' என்ன என்று கேட்டேன், அதற்குப் பதிலே இல்லை.

முப்பத்தொரு வருஷமாக நான் பார்க்கிற வேடிக்கை ஒன்று உண்டு. அடிபட்டு வருகிறவன் கை வலிக்கிறது என்பான், முதுகு என்பான், கால் என்பான். நிஜமாக உடைந்த இடத்தை மட்டும் காட்ட மாட்டான். காட்டினால் தொடுவார்களே என்று பயம். எங்கே கையை வைக்க விடவில்லையோ அங்கேதான் முதல் படம் எடுப்பேன். நீ முன்னால் இருக்கும் எஞ்சினைச் சொன்னாய், பின்னால் இருக்கும் டிக்கியைச் சொன்னாய். நடுவில் இருக்கும் தரையைச் சொல்லவில்லை.

'வயதான காலத்தில்' என்று எழுதினாயே, அதற்குத் தனியாகப் பேசிக்கொள்கிறேன். என் மகன் சொல்வான், அவன் சின்னவன். என் சேலையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த நீ சொல்லக் கூடாது. எனக்கு எத்தனை கதவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை போகிறேன். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றப் போகிறேன்.

அக்கா


16 மார்ச்

தம்பிக்கு,

இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

பின் சீட் நான் நினைத்ததைவிட லேசு. இரண்டு ஆணி, தூக்கினால் வந்துவிடுகிறது. அடியில் விரிப்பு, அதற்கு அடியில் தார். காந்தத்தை வைத்தேன். ஒரு சாண் அகலத்துக்கு, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை, எங்கேயும் பிடிக்கவில்லை. நகவெட்டியால் சுரண்டினேன். பட்டி பெயர்ந்தது. உள்ளே ஒரு வெல்டிங் வரி. வண்டியின் இடுப்பு முழுக்கச் சுற்றி வருகிறது.

எனக்கு வண்டியைப் பற்றித் தெரியாது, முறிந்து கூடின எலும்பைப் பற்றித் தெரியும். அந்த நீல வண்டி ஒரு வண்டி இல்லை, இரண்டு.

நீ இடதுகைக்காரன். நீ பற்ற வைத்தால் வரியின் மேல் எழும் செதில் மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். வரி முடிகிற இடத்தில் விரிசல் ஓடாமலிருக்க மூன்று பொட்டு வைப்பாய். என் கல்யாணத்துக்கு நீ செய்து கொடுத்த இரும்புக் கட்டிலில் நாலு காலிலும் அப்படித்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் படுக்கையை உருட்டி வைத்துவிட்டு அதைப் பார்த்தேன். வண்டியில் பார்த்த அதே செதில், அதே மூன்று பொட்டு.

டாக்டரிடம் ஒன்றுதான் சொன்னேன். "டாக்டர், இந்த வண்டிக்கு இடுப்பு ஒடிஞ்சு கூடியிருக்கு. இதை இனிமே வெளியில எடுக்காதீங்க" என்று. சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். பத்தொன்பது வருஷம் மனைவியையும் மகளையும் வைத்து ஓட்டியிருக்கிறார். அவர் முகம் வெளுத்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. யார் செய்த வேலை என்று கேட்டார். தெரியாது என்றேன். உனக்காக நான் சொன்ன முதல் பொய் அது. இரண்டாவது சொல்ல மாட்டேன்.

நீ கள்ளத்தனம் செய்தாயா, யாராவது செய்யச் சொன்னார்களா, அதெல்லாம் அப்புறம். எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. அந்த வண்டியில் தொண்ணூறில் போனேன் என்று எழுதினேன். அதைப் படித்த பிறகு, இருபது நாள் கழித்து, 'ஹாரன்' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

அக்கா


23 ஏப்ரல்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சௌக்கியம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஐந்து வாரத்துக்கு முன் உங்களிடமிருந்து கடிதம் வந்தது. அன்றிலிருந்து அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். துவைக்கப் போடும்போது எடுத்து அடுத்த சட்டையில் வைக்கிறார். தட்டில் சோற்றை அளைகிறார், சாப்பிடுவதில்லை. "அக்காவோட சண்டையா?" என்று கேட்டேன். "சண்டை போட்டா பரவாயில்லையே" என்றார். கார் வாங்குகிற விஷயத்திலா இவ்வளவு?

எனக்கு ஒன்று மட்டும் தெரியும், அது உங்களுக்கு உதவுமா என்று தெரியவில்லை. இவருடன் வேலை பார்ப்பவர் ஒருவர் வெகுநாள் முன்பு சிரித்துக்கொண்டே சொன்னார், சோதனைக்கு நீல நிற கூப்பே எது வந்தாலும் இவர் போய்க் கை கழுவிக்கொண்டு நிற்பாராம், வேறு ஆள்தான் பார்ப்பாராம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இரண்டு வரி ஆறுதலாக எழுதுங்கள். உங்கள் தோளைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


4 மே

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் யோக்கியதை இல்லாமல் எழுதுகிறேன்.

அந்த வருஷம் ஷெட்டுக்கு ஒரே மாதிரி இரண்டு நீல கூப்பே வந்தன. ஒன்று முன்னால் மோதி மூக்குப் போனது. இன்னொன்றைப் பின்னாலிருந்து லாரி இடித்திருந்தது. முதலாளி இரண்டையும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல பாதி நல்லா இருக்கு, அதுல பாதி நல்லா இருக்கு, என்ன சொல்றே?" என்றார். ஊரில் அப்படி ஒட்டக்கூடியவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. காட்சிக்கு வைக்கத்தான் என்று அவர் சொன்னார், நானும் நம்பினேன் என்று உனக்கு எழுதலாம் என்று நாலு காகிதம் கிழித்தேன். எனக்குத் தெரியும் அக்கா. ஓட்டத்தான் விற்பார் என்று தெரிந்தேதான் செய்தேன். மூன்று நாள் வேலை. பட்டியும் தாரும் பூசி, சீட்டை மாட்டி, தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது.

விற்ற அன்றைக்கு முன் சீட்டில் ஒருத்தி கைக்குழந்தையோடு உட்கார்ந்து போனதைப் பார்த்தேன். அந்த மாதமே வேலையை விட்டேன். இந்த ஊருக்கு வந்து இன்ஸ்பெக்டர் பரீட்சை எழுதினேன். அதற்குப் பிறகு என் கையில் ஒரு ஓட்டை வண்டியும் தப்பவில்லை. ஆயிரம் வண்டியைத் தடுத்தால் ஒரு வண்டி கழிந்துவிடும் என்று நினைத்திருக்கிறேன். கழியவில்லை.

உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டியல் எழுதும்போது கை, பின் சீட்டுக்கு அடியில் பார் என்ற பன்னிரண்டாவது கட்டத்தில் நின்றது. பதினொன்றோடு முடித்தேன். அதை நீ எண்ணுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தொண்ணூறு என்று நீ எழுதியதையும் படித்தேன். ஆனாலும் ஹாரன் என்றுதான் எழுதினேன். உன்னை எப்படியாவது வாங்காமல் தடுத்துவிட்டால், உண்மையைச் சொல்லாமலே உன்னைக் காப்பாற்றியதாகிவிடும் என்று பார்த்தேன். நீ வாங்காவிட்டால் வேறொருத்தர் வாங்குவாரே என்று நினைக்கவில்லை. நினைத்தேன், தள்ளிவிட்டேன்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. அதை நீயே வாங்கிவிடு. நான் வந்து துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிடுகிறேன். டாக்டருக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். என் வேலையும் போகாது.

தம்பி


10 மே

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ சாப்பிடுகிறாயா? வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மேலே படி.

அப்பாடா என்று இருந்தது. நீ பொய் எழுதியிருந்தால் உன்னோடு எனக்கு உறவே இல்லை என்று முடிவு செய்திருந்தேன். 'எனக்குத் தெரியும் அக்கா' என்ற வரியைப் படித்துவிட்டு அழுதேன். அதற்கு மேல் ஆறுதல் கேட்காதே.

வெட்டிப் போடுவதாவது. நான் கேட்டது கார், காயலான் கடைச் சாமான் இல்லை. மகன் வேண்டாம் என்றான், நீ வேண்டாம் என்றாய், இப்போது வண்டியே வேண்டாம் என்கிறது. மூன்று பேர் பேச்சையும் நான் கேட்கப் போவதில்லை. அதை நேர்மையான வண்டியாக்க வழி உண்டா இல்லையா என்று மட்டும் சொல். இல்லை என்றால் நானே ரம்பத்தை எடுத்துக் கொடுக்கிறேன். உண்டு என்றால் கெடுத்த கைதான் செய்ய வேண்டும்.

அதற்கு முன் டாக்டருக்குக் கடிதம் எழுது. உன் பெயர், விலாசம், கையெழுத்து எல்லாவற்றோடும். உங்கள் ஆபீசுக்கும் ஒன்று. வேலை போனால் போகட்டும். ஊரார் வண்டியைச் சோதிக்கிற நாற்காலியில் இதை மறைத்துக்கொண்டு உன்னால் இத்தனை வருஷம் உட்கார முடிந்ததே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

உன் கையை நான் அப்படியே நம்ப மாட்டேன். வெல்டிங் டார்ச்சைப் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று? அந்த வண்டித் தகட்டின் கனத்தில் துண்டு எடுத்து, பற்ற வைத்து எனக்கு அனுப்பு. எங்கள் அறையில் கழிக்கப்போகிற பழைய மெஷின் ஒன்று நிற்கிறது. பெரிய டாக்டரிடம் கேட்டுவிட்டேன், எடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார். எலும்புக்குள் தெரிகிறது இரும்புத் தகட்டுக்குள் தெரியாதா? ஜூன் முப்பதுவரைதான் அந்த அறை எனக்கு.

அன்புடன்,
அக்கா


15 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் தோள் தேவலையா? நான் சாப்பிடுகிறேன். கடிதங்களைத் தபாலில் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு எல்லாவற்றையும் இவளிடம் சொன்னேன். "இதுக்கா ஒண்ணரை மாசம் சோத்தை அளைஞ்சீங்க? கல்யாணத்தன்னைக்கே சொல்லியிருந்தா அப்பவே திட்டித் தீர்த்திருப்பேனே" என்றாள்.

ஆபீசில் விசாரணை போட்டிருக்கிறார்கள். சோதனைப் பாதையில் நான் கால் வைக்கக் கூடாது. ரசீது கவுன்டரில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறேன். 'கறார்' என்ற பெயரை இப்போது வேறு ராகத்தில் சொல்கிறார்கள்.

உன் டாக்டர் எட்டு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து நேரில் வந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். "என் மக அந்தப் பின் சீட்லதான் தூங்கிட்டு வருவா" என்றார். அடித்திருந்தால் தேவலை. கிளம்பும்போது, "அந்தம்மா வண்டியை விட மாட்டேங்கறாங்க. நீங்களே சரி பண்ணுங்க, வேற ஊர் ஆளு சோதிச்சு எழுதிக் கொடுக்கணும், அப்பதான் கைமாத்துவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வழி இருக்கிறது. பழைய ஒட்டின் மேல் ஒட்டுப் போடுவது ஆகாது. மரம் விழுந்து கூரை நசுங்கிய இதே மாதிரி வண்டி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். அதன் தரையும் படிச்சட்டமும் நடுவில் வெட்டில்லாத ஒரே துண்டு. அதை முழுசாக நீல வண்டிக்குள் இறக்க வேண்டும். கூரையைத் தாங்கும் தூண்களுக்குள்ளும் புதுத் தகடு வேண்டும். விடுப்பெல்லாம் சேர்த்துப் போட்டால் முடியும்.

மூன்று துண்டு அனுப்பியிருக்கிறேன்.

தம்பி


20 ஜூன்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். துண்டுகள் வந்தன. படங்களையும் சேர்த்து அனுப்புகிறேன், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்.

முதல் துண்டு: வரி நெடுகக் காற்றுக் குமிழி, நாள்பட்ட பீடிக்காரன் நுரையீரல். தேறவில்லை. இரண்டாவது துண்டு: மேலே அழகு, அடியில் பாதி ஒட்டவே இல்லை. உன் பழைய புத்தி. தேறவில்லை. மூன்றாவது: ஒரு ஓரத்தில் மட்டும் சின்னப் பொத்தல். இதைச் செய்யும்போது நீ அவசரப்படவில்லை என்று தெரிகிறது. இன்னும் நாலு செய், அடுத்த நாளே அனுப்பு. கடைசி நாள் சாயங்காலம்வரை மெஷின் பக்கத்திலேயே இருப்பேன். நான் தேறிவிட்டது என்று சொல்லாமல் அந்த வண்டியைத் தொடக் கூடாது.

முப்பதாம் தேதி என் வண்டியில் ஏறுவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். பஸ்ஸில்தான் போகப் போகிறேன். மகன் வேனில் வந்து கூட்டிப் போகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். காத்திருக்கத் தெரியாதவளா நான்.

உன்னைச் சோதிக்கிற
அக்கா


2 நவம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். கடைசித் துண்டுகள் தேறிவிட்டன என்று நான் சொன்ன பிறகு நீ இங்கே டாக்டர் வீட்டு ஷெட்டில் ஒன்பது வாரம் குனிந்து நிமிர்ந்ததில் உன் முழங்கால் என்ன ஆயிற்று என்று எழுதவே இல்லை. உன் மனைவிதான் எழுதினாள். தைலம் அனுப்பியிருக்கிறேன், தடவு.

நேற்று சோதனை நடந்தது. வடக்கே ஏதோ ஊரிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். உன்னைவிடக் கறார். மூன்று மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். நீளம், குறுக்கு, மூலைக்கு மூலை எல்லாம் அளந்தாள். வெளியே வந்து, "பழைய வெட்டு எங்கேன்னு சொன்னாங்க, இப்ப அங்க ஒண்ணுமே இல்லையே" என்றாள். தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஹாரனும் பார்த்தாள். அதை நானே கம்பி மாற்றி வைத்திருந்தேன், நன்றாகக் கத்துகிறது. டாக்டர் தாளை இரண்டு தடவை படித்தார். சாவியை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, மறுபடி என் கையில் கொடுத்தார். அவருக்கு அப்படிச் செய்ய வேண்டியிருந்தது.

மகன் வந்து பார்த்தான். கதவைத் திறந்து பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சீட்டே இல்ல?" என்றான். பின் சீட்டை நான் திரும்ப மாட்டவில்லை. விரிப்பும் போடவில்லை, தாரும் பூசவில்லை. துரு ஏறாமலிருக்கத் தெளிவான வார்னிஷ் மட்டும் அடித்திருக்கிறேன். புதுத் தரையைப் பற்ற வைத்த உன் வரி முழுக்கத் தெரிகிறது, எதிர்ப்பக்கம் சாய்ந்த செதிலும் ஓரத்தில் மூன்று பொட்டும். யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கட்டும். "பின்னாடி யார் உட்காருவான்னு கேட்டியேடா, இப்ப கேளு" என்றேன். அவன் சிரித்துவிட்டான். பிறகு ஒரு சுற்றுப் போகலாமா என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

விசாரணை முடிந்து, உனக்கு இனி கவுன்டர்தான் என்று எழுதிவிட்டார்களாம். உன் மனைவி சொன்னாள். நீ ஆபீசுக்குப் பின்வாசல் வழியாகப் போய் வருகிறாய் என்றும் சொன்னாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பத்தொன்பது வருஷம் மறைத்தபோது முன்வாசல் வழியாக நிமிர்ந்து போனவன், ஒப்புக்கொண்ட பிறகு எதற்குப் பின்வாசல்?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்புகிறேன். தனியாகத்தான். ரயிலில் எட்டு மணி நேரம் என்றால் எனக்குப் பத்து ஆகும், வழியில் நிற்க நினைத்த இடத்திலெல்லாம் நிற்பேன். நீ முத்திரையை மூடி வைக்கிற ஐந்து மணிக்கு உங்கள் நிலையத்து முன்வாசலில் வண்டியை நிறுத்துவேன். நிறுத்தி ஹாரன் அடிப்பேன். எல்லோரும் எட்டிப் பார்க்கிறவரை அடிப்பேன். நீ முன்வாசல் வழியாக, தலையைத் தூக்கிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் ஏறி உட்கார். பின்னால் இடமில்லை.

அன்புடன்,
அக்கா